வகுபடாத முப்பதாயிரத்து முப்பத்தொன்று

ஒன்பது வயதுப் பெண்ணிடம், “உன் அப்பா வகுபட்டுவிட்டார்” என்று எப்படிச் சொல்வது?

போன வியாழக்கிழமையிலிருந்து யோசிக்கிறேன். அரிசி களையும்போது யோசிக்கிறேன். கோலம் போடும்போது யோசித்து, புள்ளி தப்பி, நெளி கோலம் நெளிந்தபடியே வாசலைத் தாண்டிப் போய்விட்டது. பதில் மட்டும் கிடைக்கவில்லை.

கேள்வியே புரியவில்லை என்கிறீர்களா? புரியாதுதான். ஆவடி பக்கம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்தால்தான் புரியும். முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஆண்களுக்குப் பெயர் உண்டு. ஆனால் யாரும் அதை உபயோகிப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு பித்தளை வில்லையில் நம்பர் அடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதுதான் டோக்கன். கேட்டில் நுழைய அது வேண்டும். லீவு, கேன்டீன், வீடு எல்லாமே அந்த நம்பருக்குத்தான். என் பெண் சுமதிக்கு அம்மை ஊசி போடத் தூக்கிக்கொண்டு போனபோது, “குழந்தை பேர் சுமதி” என்றேன். நர்ஸ் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “டோக்கன் நம்பர்?” என்றாள். சொன்னேன். உடனே ஊசி போட்டாள்.

என் கணவரின் நம்பர் முப்பதாயிரத்து முப்பத்தொன்று. 30,031.

பக்கத்து வீட்டுக் கனகத்தின் கணவருடையது 30,030.

இந்த ஒரு எண் வித்தியாசம் எப்படி வந்தது தெரியுமா? சேர்ந்த அன்று டைம் ஆபீஸ் வாசலில் வரிசை. என் கணவர் முன்னால் நின்றிருக்கிறார். பின்னால் நின்ற கனகத்தின் கணவர், “அண்ணாத்தே, பூந்தமல்லி பஸ்ஸு பூடும்பா, கொஞ்சம் உட்டுடேன்” என்றாராம். என் கணவர், “போங்க, போங்க” என்று வழிவிட்டாராம். அவர் அப்படித்தான். ரேஷன் கடையில் விட்டுவிடுவார். பால் பூத்தில் விட்டுவிடுவார். வேப்பம்பட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம் – எலெக்ட்ரிக் ரயிலில் எனக்காகப் பிடித்த சீட்டையே யாருக்கோ விட்டுவிட்டார்.

அந்த ஒரு ‘போங்க’வுக்கு, பத்து வருஷம் கழித்து, என் பெண் கோட்டிலேயே நின்றாள்.

எந்தக் கோடு? சொல்கிறேன்.

எங்கள் பிளாக்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு மைதானம். மைதானம் என்பது மரியாதைக்கு. சாயங்காலச் சங்கு ஊதியதும் பிள்ளைகள் அங்கே கூடி ஒரு கோடு கிழித்து வரிசையாக நிற்பார்கள். யாராவது ஒரு எண்ணைச் சொல்லிக் கத்துவார்கள். “ஏழு” என்றால், அப்பாவின் டோக்கன் நம்பர் ஏழால் மீதியில்லாமல் வகுபடுகிற பிள்ளைகள் ஒரு தாண்டு தாண்டலாம். மீதி வந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். முதலில் தொட்டியைத் தொட்டவருக்கு ஜெயம். பதினாறு வரை கத்தலாம். அதற்கு மேல் யாருக்கும் வாய்ப்பாடு தெரியாது.

இந்த ஆட்டத்தை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. நிச்சயமாக ஒரு டீச்சர் இல்லை. பிள்ளைகள் விரும்பி விளையாடுகிறார்களே...

கனகத்தின் பெண் வசந்தி, சுமதியின் கிளாஸ்தான். 30,030 என்கிற நம்பர் இருக்கிறதே, அது ஒரு விசித்திரம். இரண்டா? தாண்டு. மூன்றா? தாண்டு. ஐந்து, ஆறு, ஏழு, பத்து, பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து – வசந்தி கங்காரு மாதிரி போய்க்கொண்டே இருப்பாள். நாலு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, பதினாறு... இவற்றுக்கு மட்டும் நிற்பாள். அதுவும் மூச்சு வாங்கிக்கொள்ள.

சுமதி?

இரண்டுக்கு நிற்பாள். மூன்றுக்கு நிற்பாள். பதினாறு வரைக்கும் நிற்பாள். ஆட்டம் முடியும்போது, கோட்டின் மேல் வைத்த கால் வைத்தபடி இருக்கும். ஒருநாள் வசந்தி தொட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து கேட்டிருக்கிறாள்: “இன்னாடி, வெளையாட வந்தியா, கோட்டுக்குக் காவல் இருக்க வந்தியா?”

அதோடு சுமதி வெளியே போவதை நிறுத்திவிட்டாள். சங்கு ஊதினால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், “தலை வலிக்குதும்மா” என்பாள். தினமும் சாயங்காலச் சங்குக்குச் சரியாக எந்தக் குழந்தைக்குத் தலை வலிக்கும்? ஒற்றைப் பிள்ளை. இப்படியே ஒதுங்கிப் போய்விட்டால்? பெரியவளானாலும் இப்படி ஜன்னலிலேயே நின்றுவிட்டால்? என் யோசனை எப்போதும் இப்படித்தான். ஜன்னலில் ஆரம்பித்து அவள் கல்யாணம் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும்.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் அப்பாவிடம் கேட்டாள். “அப்பா, வசந்தி அப்பாகிட்ட டோக்கனை மாத்திக்கிறீங்களா? ஒரு நம்பர்தானே வித்தியாசம்?”

அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, “கேட்டுப் பாக்கறேன் கண்ணு” என்றார். கேட்கக்கூடியவர்தான். அதுதான் பயம்.

மாடியில் ஒரு சார்ஜ்மேன் இருக்கிறார். என் கணவருக்கு மேலதிகாரி. எண் ஜோதிடத்தில் கெட்டிக்காரர் என்று பெயர். மனசு கேட்காமல் அவர் வீட்டுப் படியேறினேன். ஏறும்போதே தப்பென்று தெரிந்தது. இருந்தாலும் ஏறினேன்.

“மூணும் மூணும் ஆறு, ஒண்ணு ஏழு. கேதும்மா” என்றார், கண்ணை மூடிக்கொண்டு. “நகர விடமாட்டான். பக்கத்து வீட்டுக்காரனைப் பாரு – ஆறு. சுக்கிரன். அதான் தாண்டுது.”

நான் பி.யூ.சி.யில் கணக்கு எடுத்தவள். எந்த எண்ணானாலும் இலக்கங்களை ஒற்றை இலக்கமாகும் வரை கூட்டிக்கொண்டே போனால் என்ன கிடைக்கும்? அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வருகிற மீதி. அவ்வளவுதான். 30,031-ஐ ஒன்பதால் வகுத்தாலும் மீதி ஏழு. ஒரு வகுத்தல் மீதிக்குப் போய்க் கிரகத்தின் பெயரை வைத்து, கட்டம் போட்டு, மோதிரம் செய்யச் சொல்கிறார்களே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மேலதிகாரி என்பது ஞாபகம் வந்தது. “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

வந்தவள் சுமதியின் பழைய சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டால் வகுத்தேன். மீதி ஒன்று. மூன்றால். மீதி ஒன்று. ஐந்து – ஒன்று. ஏழு – ஒன்று. பதினொன்று, பதின்மூன்று... அப்போதும் ஒன்று. எப்படிப் பிரித்தாலும் ஒன்றே ஒன்று தனியாக நிற்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. 2, 3, 5, 7, 11, 13 – இந்த ஆறையும் பெருக்கினால் சரியாக 30,030. பக்கத்து வீட்டு நம்பர் அத்தனை எண்களையும் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பியிருக்கிறது. அடுத்த நம்பருக்கு என்ன மிஞ்சும்? ஒன்றுதான் மிஞ்சும்.

பதினேழுக்குப் போனேன். மீதி ஒன்பது. பத்தொன்பது – மீதி பதினொன்று. இருபத்து மூன்று – மீதி பதினாறு. வகுபடவே இல்லை. இது பகா எண்ணாக இருக்குமோ? ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத எண்?

முறையாகப் பார்த்தால் 173 வரை வகுத்துப் பார்க்க வேண்டும். 173-ஐ 173-ஆல் பெருக்கினால் முப்பதாயிரத்தை நெருங்கிவிடும். அதுவரை எதுவும் வகுக்கவில்லை என்றால் பிறகு எதுவும் வகுக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இருபத்து மூன்றில் பால் பொங்கிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், சிலேட்டைப் பார்த்தபடி சுமதி நிற்கிறாள்.

“என்னம்மா இது? எல்லாத்துலயும் மீதி வருது?”

“இது பகா எண்டி” என்றேன்.

“அப்படின்னா?”

“ரெண்டு, மூணு, அஞ்சு மாதிரி. யாராலயும் பிரிக்க முடியாது. ஆனா அதெல்லாம் சுண்டைக்காய். அப்பாவோடது எவ்வளவு பெரிசு பாரு.”

“வசந்தி அப்பாவோடது?”

“அது யார் வேணும்னாலும் வகுக்கலாம்.” இதைச் சொல்லியிருக்க வேண்டாம். கனகம் எனக்கு எத்தனையோ நாள் குழம்பு கொடுத்திருக்கிறாள்.

“எதாலயும் முடியாதாம்மா?”

“எதாலயும் முடியாது.”

அவள் முகத்தைப் பார்த்தபோது, மிச்சத்தை நாளைக்கு வகுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. நாளை என்பது எனக்கு என்றைக்கு வந்திருக்கிறது?

மறுநாள் சங்கு ஊதியபோது சுமதிக்குத் தலை வலிக்கவில்லை. இரண்டு எட்டில் மைதானத்தில் இருந்தாள். நான் ஜன்னலில் இருந்தேன்.

“உங்கப்பா நம்பரை யார் வேணா வெட்டலாம். எங்கப்பா நம்பரை வெட்டிப் பாரு” என்கிறாள் வசந்தியிடம்.

வசந்தி வெட்டிப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளும் வெட்டிப் பார்த்தார்கள். பதினாறு வரை வெட்டி ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வாரமே ஆட்டத்தின் சட்டம் தலைகீழாக மாறியது. தாண்டுகிறவர் அவுட். கடைசி வரைக்கும் கோட்டில் நிற்பவர்தான் ராஜா. என் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்... அதே கோடு, அதே கால். ஆனால் என்ன ஒரு நிற்பு.

பிள்ளைகளோடு போயிருந்தால் பரவாயில்லை. பெரியவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கேன்டீனில் ஆளுக்கொரு பென்சிலோடு தங்கள் தங்கள் டோக்கனை வகுத்துப் பார்க்கிறார்களாம். மூன்றால் வகுபட்டுவிட்டதென்று ஒருவர் போண்டாவைத் தொடவில்லையாம். கனகம் இடுப்பில் குடத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

“இன்னாக்கா, என் ஊட்டுக்காரரு நம்பரு எல்லாத்துக்கும் வளைஞ்சு குடுக்குதாம், உன் ஊட்டுக்காரரு நம்பரு நட்டுகினு நிக்குதாம். வசந்தி சொல்லிச்சு. ஊட்டுக்குள்ள பாத்தா தலைகீழால்ல கீது?”

“அதெல்லாம் பிள்ளைங்க விளையாட்டு கனகம்.”

“வெளையாட்டா? அந்த மனுசன் நேத்து சோறு துன்னல. ‘ஒரு அடி தள்ளி நின்னுருந்தா அந்த நம்பரு எனக்கு வந்துருக்கும்’ன்னு பொலம்பிகினு கீறாரு. கோயில்பதாகைல எங்கம்மா ஊட்டுக்குப் போயும் அதே பேச்சு. எங்கம்மா, ‘மாப்ளைக்கு இன்னாடி ஆச்சு’ன்னு கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?”

சார்ஜ்மேன் சாரும் இறங்கி வந்தார். வகுபடாத எண் என்றால் அது சாதாரணக் கேது இல்லையாம். பலமான கேதுவாம். அவன் நகர விடமாட்டான் என்று சொன்னாரல்லவா? அது எதிரிகளையாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் கணவரிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. ரேஷன் கடையில் ஒருவர் “கொஞ்சம் விடுங்க சார்” என்றபோது, “வரிசையில வாங்க” என்றாராம். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனாராம். அடுத்து, யாருக்கு நைட் ஷிப்ட் ஒத்துவரவில்லை என்றாலும் இவர் தலையில் கட்டுவது ஃபேக்டரியில் பல வருஷ வழக்கம். போன மாதம் சார்ஜ்மேன் வழக்கம்போல் கூப்பிட்டுச் சொல்ல, இவர், “இந்தத் தடவை முடியாது சார்” என்று சொல்லிவிட்டார். சார்ஜ்மேனும், பலமான கேதுவோடு யார் மோதுவது என்று, வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

பத்து வருஷமாக நான் தொண்டை வறளச் சொல்லி நடக்காததை, நான் பாதியில் நிறுத்திய ஒரு வகுத்தல் கணக்கு நடத்திக் காட்டிவிட்டது.

இத்தோடு நின்றதா? பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வருகிறது. கணக்கு டீச்சர், ஐம்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே, “பெரிய பகா எண்ணா? வெரி குட். அதையே வச்சிடு” என்று சொல்லிவிட்டார். சுமதி ஓர் அட்டையில் 30,031 என்று எழுதி, சுற்றிலும் ஜிகினாவும் ஒட்டிவிட்டாள். வருகிறவர்கள் “எப்படித் தெரியும்?” என்று கேட்டால் என்ன செய்வது? எனவே அப்பாவும் பெண்ணுமாகக் கணக்கில் இறங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு எண். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தரையில் சிலேட்டை வைத்து, வகுத்து, பெருக்கிச் சரிபார்த்து... இருபத்தொன்பது முடிந்தது. முப்பத்தொன்று, முப்பத்தேழு, நாற்பத்தொன்று முடிந்தன. நேற்று நாற்பத்து மூன்று. மீதி பதினேழு. இருவரும் கைகொட்டிக்கொண்டார்கள். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

மத்தியானம் குழாயில் தண்ணீர் வரக் காத்திருந்தேன். குடம் வரிசையில் நின்றது. கையில் வேலை இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில்தான் எனக்குச் சந்தேகம் வரும். கதவைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா... 30,031-ஐ முழுதாக வகுத்தோமா? சிலேட்டை எடுத்தேன். அவர்களைத் தாண்டிப் போனேன். நாற்பத்து மூன்று: மீதி பதினேழு. நாற்பத்தேழு: மீதி நாற்பத்தைந்து. ஐம்பத்து மூன்று: மீதி முப்பத்து மூன்று.

ஐம்பத்தொன்பது.

மீதி இல்லை.

ஐம்பத்தொன்பதை ஐந்நூற்று ஒன்பதால் பெருக்கினேன். முப்பதாயிரத்து முப்பத்தொன்று. ஐந்நூற்று ஒன்பதை ஐம்பத்தொன்பதால் பெருக்கினேன். இப்படிப் பெருக்கினால் வேறு விடை வரும் என்று நினைத்தேனா? நினைத்தேன். வரவில்லை. வெளியே தண்ணீர் வந்து, குடம் நிரம்பி, வழிந்து, கனகம், “இன்னாக்கா, தூங்கிட்டியா?” என்று குரல் கொடுக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுமதி பள்ளிக்கூடத்திலிருந்து வரும் சத்தம் கேட்டது. சிலேட்டை முந்தானையால் அழித்தேன்.

மனசைத் தேற்றிக்கொள்ளவும் பார்த்தேன். 30,031-ஐப் பிரிக்க அந்த ஒரு ஜோடிதான் உண்டு. இத்தனை பெரிய எண்ணுக்கு ஒரே ஒரு கதவு. அதுவும் ஐம்பத்தொன்பது வரை போனால்தான் கண்ணில் படும். ஏறக்குறையப் பகா எண்தானே? இல்லை. கணக்கில் ‘ஏறக்குறைய’ கிடையாது. அந்த ஐந்நூற்று ஒன்பது பகா எண்தானா என்று கேட்கிறீர்களா? இருபத்து மூன்று வரைக்கும் வகுத்துப் பார்த்துவிட்டேன், அதற்கு அவ்வளவு போதும். இருந்தாலும் இனிமேல் எந்த எண்ணையும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று அவர்கள் நாற்பத்து மூன்றுக்குக் கைகொட்டியபோது நான் அடுப்படியில் இருந்தேன். அடுத்த ஞாயிறு நாற்பத்தேழு. அதற்கடுத்து ஐம்பத்து மூன்று. அதற்கடுத்து...

சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அவள் திரும்ப ஜன்னலுக்குப் போய்விடுவாளோ? அவர் திரும்ப நைட் ஷிப்டுக்குப் போய்விடுவாரோ? சொல்லாமல் விட்டால்? “எதாலயும் முடியாதாம்மா?” என்று கேட்டவள், மீதியில் சைபரைப் பார்த்த பிறகு, நான் சொல்கிற எதை நம்புவாள்? கொதிக்கிற பாத்திரத்தைத் தொடாதே என்பதை நம்புவாளா? அழகாக இருக்கிறாய் என்பதை நம்புவாளா?

பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். நம்பரை மட்டும் மாற்ற முடியவில்லை. மாற்றினால் கணக்கு தப்பிவிடும். எங்கள் பிளாக்குக்கு இந்தப் பத்திரிகை ஒரு பிரதிதான் வரும், அதுதான் வீடு வீடாகச் சுற்றும். இது வெளியாகிற வாரப் பிரதி மட்டும் என் அரிசிப் பானைக்குள் சுற்றும்.

இது உங்கள் கைக்கு வரும்போது நாற்பத்தேழு முடிந்திருக்கும். ஆகவே உடனே ஒரு கார்டு போடுங்கள். நானே அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிடட்டுமா? அல்லது அவளே கண்டுபிடிக்கட்டும் என்று வாயைத் திறக்காமல் இருக்கட்டுமா? அப்படியென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் இருப்பதா, சிலேட்டுக்குப் பக்கத்தில் அவளோடு உட்கார்ந்திருப்பதா?

தயவுசெய்து, “இன்னொரு தடவை வகுத்துப் பாருங்கள்” என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். தினமும் வகுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மீதி வரமாட்டேன் என்கிறது.